பங்காருவின் தொழில் வரி

சாமி படத்துக்குச் சட்டம் போட்டு விற்கிற தொழிலில் சாமியால் ஒரு தொந்தரவும் கிடையாது. அவரைப் பார்க்க வருகிறவர்களாலும், அவர்களுக்கு நாம் என்ன விற்றோம் என்று விசாரிக்க வருகிறவர்களாலும்தான் எல்லாம்.

மலைப்படிக்குப் போகிற தெருவில் எங்கள் கடை. என் வீட்டுக்காரர் மரம் இழைத்துச் சட்டம் அடிப்பார். நான் படம் ஒட்டி, கண்ணாடி துடைத்து, விலை சொல்லி, வாங்காமல் போகிறவர்களையும் நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவேன். பிள்ளைகள் எல்லாம் பெரியவர்களாகி அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். மூத்தவனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே உத்தியோகம். நான் ஐந்தாவது வரை படித்தவள். ஆபீஸ் காகிதம் என்றால் இன்றைக்கும் ஒரு தரம் முருகா என்று சொல்லிவிட்டுத்தான் பிரிப்பேன். நீங்களும் அப்படிப் பிரிக்கிறவர்கள்தான் என்றால் இதையெல்லாம் உங்களிடம் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

வள்ளி எந்தப் பக்கம்

யுத்தம் வந்ததும் பம்பாயிலிருந்து வருகிற அச்சுப் படம் நின்றுபோயிற்று. காகிதமே இல்லை, சாமிக்கு எங்கே போவது. கடையில் வெறும் சட்டங்கள் வரிசையாகத் தொங்கின. ஒரு அம்மாள் வெறும் சட்டத்தையே வாங்கிக்கொண்டு, "மாட்டி வைக்கிறேன், சாமி பின்னால வரட்டும்" என்று போனாள். அந்தச் சமயத்தில்தான் பங்காரு வந்தாள். நெசவுத் தெரு கோவிந்தப்பாவின் மகள், பதின்மூன்று வயசு. சேலைக் கரைக்கு மாதிரி போட்டுப் பழகிய கை. என் கடைச் சுவரில் கரித்துண்டால் ஒரு மயில் எழுதிவிட்டு, திட்டுவேனோ என்று நின்றாள். நான் ஒரு கண்ணாடித் துண்டும் வர்ண டப்பாவும் கொடுத்தேன்.

கண்ணாடிப் படம் என்றால் பின்பக்கத்தில் எழுதி முன்பக்கமாகப் பார்ப்பது. கண்ணும் நகையும் முதலில் எழுத வேண்டும், முகத்துக்கு நிறம் கடைசியில். இடமும் வலமும் மாறிவிடும் என்பதை நானும் சொல்ல மறந்தேன், அவளும் யோசிக்கவில்லை. முதல் படத்தைத் திருப்பிப் பார்த்தால் முருகனுக்கு வலப்புறம் இருக்க வேண்டிய வள்ளி இடப்புறம் இருந்தாள், தெய்வானை வலப்புறம் வந்துவிட்டாள். விற்க மனசில்லாமல் ஓரமாக வைத்திருந்தேன். திருவாலங்காட்டிலிருந்து கரும்பு போடுகிற ஒருவர் வந்து அதுதான் வேண்டும் என்றார். உள்ளதைச் சொன்னேன். அவருக்கு வீட்டில் இரண்டு பெண்சாதி.

"எங்க வூட்ல தினம் எடம் மாத்தி மாத்தித்தாம்மா நிக்கிறாங்க. நான் கேக்க முடியுதா? நீ கட்டிக் குடு" என்றார்.

எழுதச் சொன்னார்கள், எழுதினேன்

நாங்கள் அப்போது சித்தூர் ஜில்லா. பஞ்சாயத்து போர்டு ஆபீஸ் காகிதம் ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் இங்கிலீஷ். மகன் வந்தபோது படித்துச் சொன்னான்: கடையில் சம்பளமோ கூலியோ வேறு எந்த வகையிலோ பணம் வாங்குகிறவர்கள் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "என் பேரை எழுது. எனக்கு நீ ஒண்ணும் கொடுக்கறதில்ல, அதையும் எழுது" என்றார் வீட்டுக்காரர். அவர் பெயரோடு நிறுத்தியிருக்கலாம். சுற்றிலும் பங்காரு எழுதிய முருகன்கள் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. "பங்காரு, படம் எழுதுவது" என்று சேர்த்தேன்.

மறுவாரம் பில் கலெக்டர் முனிரத்தினம் வந்துவிட்டார். வீடு வீடாக வரி வசூல் பண்ணுகிறவர். நல்ல மனிதர், என் இரண்டாவது மகன் வயசு. குடையை மடக்கிவிட்டுக் கேட்டார்: "இந்தப் பங்காரு உங்க வேலையாளா?" "இல்ல தம்பி. அது வூட்ல உக்காந்து போட்டுக் கொண்டாந்து தருது. படத்துக்கு இவ்வளவுன்னு கொடுப்பேன்." "நீங்க சொல்ற நேரத்துக்கு வரணுமா?" "அது வர்ற நேரம் எனக்கே தெரியாதே." "பிரஷ் யாருது?" "அதுவே அணில் வால் முடியில கட்டிக்கினது." முனிரத்தினம் பெருமூச்சு விட்டார். "அப்ப வேலையாள் இல்லம்மா. சொந்தத் தொழில். தொழில்னா தொழில் வரி."

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அவர் கையிலிருந்த ஜாபிதா என்கிற பட்டியலில் தட்டார் இருந்தது, தச்சர் இருந்தது, மேளக்காரர் இருந்தது. சாமி படம் எழுதுகிறவர் என்று ஒன்று இல்லை. மேலும் கீழும் விரலை ஓட்டினார். கடைசியில் பங்காருவைச் சுண்ணாம்பு அடிக்கிறவர்களோடு சேர்த்தார். அவள் அப்போது அங்கேதான் நின்றாள். கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு எழுதுவதால் அவள் மூக்கு நுனியில் எப்போதும் ஒரு வர்ணம் இருக்கும், அன்றைக்கு மயில் நீலம். "நான் சுண்ணாம்பு அடிக்கறதில்லீங்களே" என்றாள்.

"எதை அடிச்சா என்னம்மா, பிரஷ்ஷு ஒண்ணுதானே" என்றார் முனிரத்தினம்.

ஒரு பெண்ணுக்கு மூன்று வயசு

பங்காருவின் பணத்தை வாங்க வெள்ளிக்கிழமைதோறும் அவள் அப்பா கோவிந்தப்பா வருவார். அந்த வெள்ளிக்கிழமை முனிரத்தினமும் கடையில் இருந்தார். "உங்க பொண்ணுக்கு என்ன வயசு?" என்று அவர் கேட்க, கோவிந்தப்பா வாயைத் திறக்குமுன் என் வீட்டுக்காரர் உளியைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப மரியாதையாக, "எதுக்குக் கேக்கறீங்கன்னு சொல்லிட்டுக் கேளுங்க" என்றார்.

அது நியாயமான பேச்சுதான். நகரியிலிருந்து பெண் கேட்டு வந்தவர்களிடம் கோவிந்தப்பா பதினாலு என்று சொல்லியிருந்தார், குறைந்தால் கல்யாணச் சட்டம் இடிக்கும். ரயிலில் அரை டிக்கெட்டுக்குப் பதினொன்று. பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திய அன்று வாத்தியாரிடம் சொன்னது இன்னொன்று. மூன்றும் இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பங்காரு மட்டும், "அம்மா, நான் பதின்மூணுதானே?" என்று என்னைக் கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

"எதுவானாலும் மைனர்" என்றார் முனிரத்தினம். "மைனர் கையில நோட்டீஸ் கொடுக்க முடியாது. பொறுப்பா இருக்கறவர் வூட்டுக் கதவுல ஒட்டணும். வூடு எங்க கோவிந்தப்பா? தொழில் வரிக்கு வயசு இன்னா போட்டுக்கட்டும்?"

கோவிந்தப்பா கும்பிட்டார். "வரிக்கு அது இன்னும் பொறக்கவே இல்லன்னு எழுதிக்குங்க, சாமி."

கொம்பு வந்தது, பெட்டி வரவில்லை

அவர் பயந்தது வரிக்கு இல்லை. நூல் கண்ட்ரோல் காலம் அது. எத்தனை தறி என்று எழுதிக் கொடுத்தார்களோ அத்தனைக்குத்தான் நூல். கோவிந்தப்பா வீட்டில் எழுதிக் கொடுத்ததைவிட ஒரு தறி கூடுதலாக ஓடியது. போர்டு ஆள் நோட்டீஸ் ஒட்ட வந்தால் கதவை மட்டுமா பார்ப்பான், காது என்று ஒன்று இருக்கிறதே. தறிச் சத்தத்தை எப்படி மறைப்பது. முனிரத்தினம் தெரு திரும்பியதும் கோவிந்தப்பா என்னிடம் முடிவாகச் சொல்லிவிட்டார்: "இனிமே எங்க பொண்ணு படம் எழுதாதும்மா. பொழப்பு போயிடும்."

ஆடிக் கிருத்திகை வருகிறது. வருஷத்தில் கடை நிறைவது அப்போதுதான், மாட்டுவதற்கு அவள் படத்தை விட்டால் வேறு படம் இல்லை. அதைவிடப் பெரிய கவலை அவள் கண். பங்காருவுக்குக் கிட்டத்தில் இருப்பது ஊசிமுனை போலத் தெரியும், பத்தடிக்கு அப்பால் எல்லாம் கரைசல். இந்த ஊரில் பிறந்து மலைமேல் கோயிலைக் கீழேயிருந்து பார்த்ததில்லை. பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி மூக்குக் கண்ணாடி வாங்கிவிடலாம், அவள் சம்பாத்தியமே அதற்குப் போதும் என்று கோவிந்தப்பாவிடம் பல தடவை சொல்லிப் பார்த்தேன். அவரோ அந்தப் பணத்தையெல்லாம் நகரியிலிருக்கிற பாவாவிடம் கொடுத்து, கிராமபோன் வாங்கிக்கொண்டிருந்தார். தங்கையைக் கட்டிய பாவா கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறார். பாட்டு வெளியே வருகிற கொம்பு மட்டும் வந்திருந்தது, பெட்டி வரவில்லை. கொம்பில் அவர்கள் வீட்டுக் கோழி அடைகாத்தது. தறி ஓடுகிற வீட்டில் பாட்டு எப்படிக் கேட்கும் என்று கேட்டதற்கு, அதற்குத்தான் பெரிய கொம்பு என்றார்.

அன்றைக்கும் கேட்டேன். "படம் எழுதறது நிக்கட்டும்ப்பா. கண்ணையாவது பார்க்கக் கூடாதா?"

"நூல் அறுந்தா அதுக்கு நல்லாத்தானே தெரியுது" என்றார் கோவிந்தப்பா. "தூரத்துல பார்க்கறதுக்கு அங்க இன்னாம்மா இருக்குது?"

சாமியும் மைனர்தான்

அரக்கோணத்து வக்கீல் ஒருவரின் குமாஸ்தா சேஷாத்ரி எங்கள் பழைய வாடிக்கை. கிருத்திகைதோறும் மலையேறி வந்து, இறங்கும்போது ஒரு படம் வாங்குவார். அந்த மாதம் அவர் வந்த நேரம் நான் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். விஷயத்தைச் சொன்னேன். மைனர் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்கா அழறேள்? கோர்ட்டுக்கு சாமியே மைனர்தான், தெரியுமோ?"

"எந்தச் சாமி?" என்றேன். "எல்லாச் சாமியும். என்னைக்கும் மேஜர் ஆகறதே இல்லை. நிலம் உண்டு, வரி உண்டு, கையெழுத்து மட்டும் போட முடியாது. தர்மகர்த்தா போடுவார்." சுவரைப் பார்த்தேன். வேலும் மயிலுமாக அத்தனை மைனர்களும் என்னைப் பார்த்தார்கள். சேஷாத்ரி மேலே சொன்னார்: "மைனர் பணம் யார்கிட்ட இருக்கோ அவா பேருக்குத்தான் நோட்டீஸ். பணம் அப்பா கைக்குப் போனா அப்பா வீட்டுக் கதவு. உங்ககிட்டயே இருந்தா உங்க கடைக் கதவு. ஆனா ஒண்ணு, அப்புறம் அதை அந்தக் குழந்தைக்காகத் தவிர வேற எதுக்கும் தொடப்படாது." இத்தனை நேரமும் சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"ரெண்டு கல்யாணம் பண்ணி வெச்சுட்டு மைனர்ங்கறாங்களே" என்றார்.

கிராமபோன் யாருக்கு

அடுத்த வெள்ளிக்கிழமை கோவிந்தப்பாவையும் முனிரத்தினத்தையும் உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டுச் சொன்னேன். பணம் கோவிந்தப்பாவிடம் போனால் நோட்டீஸ் அவர் வீட்டுக்கு வரும். என்னிடமே தங்கினால் என் கடைக்கு வரும், வீட்டுப்பக்கம் யாரும் வரமாட்டார்கள். சேஷாத்ரி சொன்னது சரிதான் என்று முனிரத்தினமும் ஒப்புக்கொண்டார். நெசவுத் தெரு வரை வெயிலில் நடக்க வேண்டாம் என்பதில் அவருக்கும் சந்தோஷம்.

கோவிந்தப்பா கையிலிருந்த மோரைக் குடிக்காமல் யோசித்தார். ஒரு பக்கம் தறி, ஒரு பக்கம் கிராமபோன் பெட்டி. பங்காரு தூணோரம் நின்று அப்பா இருந்த திசையைப் பார்த்தாள். அந்தத் தூரத்தில் அவளுக்கு அப்பா முகம் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் பாவம், அவளே வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். கடைசியில், "சரிம்மா, உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். மோரை ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "பொண்ணுக்காகத்தானே செலவு பண்ணணும்? பெட்டி வாங்கினா அதுவும் பாட்டுக் கேக்குமில்ல?"

"ஆங், கேக்கும்" என்றார் முனிரத்தினம். "சுண்ணாம்பு அடிக்கறவங்களுக்கு கிராமபோன் எதுக்குன்னு போர்டுலயும் கேப்பாங்க. அதுக்கு நீ வந்து பதில் சொல்லு, உன் தறியையும் கூட்டிகினு."

பசையும் நாங்களே கொடுத்தோம்

நோட்டீஸ் ஒட்ட வந்த முனிரத்தினத்திடம் பசை இல்லை. ஆபீசில் மாவுக்குப் பஞ்சமாம். நாங்கள் படம் ஒட்டுவதற்குப் புளியங்கொட்டையை வறுத்து அரைத்துக் காய்ச்சி, பூச்சி வராமல் மயில்துத்தம் கலந்து வைத்திருப்போம். அதில் ஒரு கரண்டி கேட்டார். கொடுத்தேன். கதவில் எங்கே ஒட்டட்டும் என்று என் வீட்டுக்காரரிடமே யோசனை கேட்டு, அவர் கோணாமல் பிடித்துக்கொள்ள, வாசல் கதவில் பங்காருவின் பெரிய முருகன் படத்துக்கு நேர் கீழே ஒட்டினார். தெலுங்கு எழுத்து, ஓரத்தில் சிவப்பு முத்திரை. எங்கள் படங்களைவிட அழகாக உட்கார்ந்துவிட்டது.

நமக்கு வந்த நோட்டீசுக்கு நாமே பசை காய்ச்சிக் கொடுத்த அனுபவம் உங்களுக்கும் ஏதாவது ஒரு விதத்தில் இருக்கும். நான் அதைச் சொல்லிக் குறைப்பட்டபோது முனிரத்தினம் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "நல்ல பசைம்மா. எங்க ஆபீஸ் பசையா இருந்தா சாயங்காலமே ஆடு தின்னுட்டுப் போயிருக்கும்" என்றார்.

தணிகாசலம் உத்தரவு

ஆடிக் கிருத்திகை வந்தது. நகரி, புத்தூர்ப் பக்கமிருந்து காவடிகள் தெருவை அடைத்துக்கொண்டு வந்தன. மலையேறுகிற அவசரத்தில் யார் நின்று எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். முருகன் படம், அதன் கீழே முத்திரை போட்ட காகிதம். ஒரு பெரியம்மா நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, முத்திரை மேல் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்து மஞ்சள் வைத்தார்கள். மத்தியானத்துக்குள் சந்தனம், விபூதி, ஒரு கதம்ப மாலை. ஒருவர் சூடம் கொளுத்த வந்தார். கதவு மரக்கதவு என்று என் வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தடுத்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சாமி இல்லாததைச் சாமி என்று கும்பிட விடுவது பாவம் அல்லவா. காவடி இறக்கி வைத்திருந்த ஒருவரிடம், "ஐயா, இது சாமி காகிதம் இல்ல. ஒரு பொண்ணுக்கு வந்த வரி நோட்டீஸ்" என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என்மேல் இரக்கம் இருந்தது.

"வரி வாங்கறது யாரு? ராசா. இந்த மலைக்கு ராசா யாரு? முருகன், தணிகாசலம்" என்றார். "நகரும்மா, கும்பிட்டுக்கறேன்."

ரத்து

கூட்டம் ஓயாத அந்த நாட்களிலேயே முனிரத்தினம் மறுபடி வந்தார். முகம் வாடியிருந்தது. மேலதிகாரி கணக்கைப் புரட்டிப் பார்த்தாராம். அரை வருஷ வருமானம் ஒரு அளவுக்கு மேல் போனால்தான் தொழில் வரி. பங்காருவின் வருமானம் அந்த அளவின் காலடியைக்கூடத் தொடவில்லை. வரியும் இல்லை, நோட்டீசும் இல்லை, உடனே கிழித்துக்கொண்டு வா என்று உத்தரவு. "இது முதல்லயே தெரியாதா தம்பி?" என்றேன். "வரி போட்டாத்தானேம்மா ரத்து பண்ண முடியும்?" என்றார்.

வேறு யாராவது என்றால் தேங்காய் உடைத்திருப்பார்கள். எனக்குப் பெரிய சங்கடமாகப் போயிற்று. பங்காருவின் பணம் இப்போதுதான் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. கதவில் நோட்டீஸ் இல்லை என்று கண்டால் அடுத்த வெள்ளிக்கிழமையே கோவிந்தப்பா வந்து கை நீட்டுவார், பெட்டி நகரியிலிருந்து புறப்பட்டுவிடும், மூக்குக் கண்ணாடி இந்த ஜன்மத்தில் வராது. வேண்டாம் என்று அரசாங்கத்தைத் தடுக்க நான் யார். உள்ளே போய் விளக்கு முன்னால் நின்று, "முருகா, நீயும் மைனர், அவளும் மைனர், நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்குங்க" என்று மட்டும் சொன்னேன்.

வெளியே முனிரத்தினம் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். மயில்துத்தம் போட்ட பசை. குங்குமம் உதிர்ந்ததே தவிர காகிதம் வரவில்லை. அதற்குள் காவடிக்காரர்கள் கூடிவிட்டார்கள். "யார்றா அது சாமி காகிதத்தைச் சுரண்டறவன்?" என்று ஒரு குரல். அவர் போர்டு ஆபீஸ் என்று சொல்லிப் பார்த்தார். எந்த ஆபீசாக இருந்தால் என்ன என்று ஒருவர் அவர் குடையைப் பிடுங்கிக்கொண்டார். கிழவி ஒருத்தி அவர் செய்த பாவம் போகட்டும் என்று தலையில் விபூதியைக் கொட்டினாள். நான் போய் மன்றாடிக் குடையை வாங்கிக் கொடுத்தேன். நெற்றி முழுக்க விபூதியோடு நின்று ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார்.

"போர்டு நோட்டீஸ்னா கிழிக்க எனக்கு அதிகாரம் உண்டு. சாமி நோட்டீசைக் கிழிக்க அதிகாரம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவர், அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

முழு டிக்கெட்

கோவிந்தப்பா வெள்ளிக்கிழமைகளில் எதிர்ச்சாரியில் நின்று கதவைப் பார்ப்பார். மாலையும் மஞ்சளுமாக நோட்டீஸ் இருக்கும். "இன்னும் இருக்குதாம்மா?" என்பார். "இருக்குதுப்பா, பார்க்கறியே" என்பேன். "எப்பம்மா போகும்?" "அது எனக்கு என்ன தெரியும். முனிரத்தினம் போர்டு ஆபீஸ்லதான் இருக்கார், போய்க் கேளேன்." போர்டு ஆபீஸ் என்றதும் அவர் தறி ஞாபகம் வந்து நடையைக் கட்டுவார். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. தினம் விளக்கேற்றும்போது அதையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வேன்.

ஐப்பசியில் பணம் போதுமென்று ஆயிற்று. என் மூத்த மகன் பங்காருவையும் அவள் அம்மாவையும் பட்டணத்துக்கு அழைத்துப் போனான். ஸ்டேஷனில் கோவிந்தப்பா பழக்கத்தில், "பதினொண்ணுதான், அரை டிக்கெட் போதும்" என்றார். ரயில்வேயில் சம்பளம் வாங்குகிற என் மகன் திகைத்துப் பார்க்க, பங்காரு முந்திக்கொண்டாள்.

"எனக்குப் பதின்மூணு, நைனா. முழு டிக்கெட்டு வாங்கச் சொல்லு, நான் தொழில் பண்றவ."

பத்தடி தூரத்திலிருந்து

திரும்பி வந்த அன்று மூக்கில் வட்டமாக இரண்டு கண்ணாடி. காதில் மாட்டுகிற கம்பி பெரியதாக இருந்ததால் நூலால் சுற்றியிருந்தாள். கடைக்குள் வராமல் தெரு நடுவிலேயே நின்று மலையைப் பார்த்தாள். படி தெரிகிறது, படியில் ஏறுகிற ஆள் தெரிகிறது, மேலே கோயில் தெரிகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வண்டிக்காரன் திட்டியும் நகரவில்லை. கோவிந்தப்பா பக்கத்தில் நின்று, அவள் கை நீட்டிய இடத்தையெல்லாம் தானும் பார்த்தார். "அப்பிடியா, அதுவும் தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் நோட்டீசைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்கப்புறமும் கேட்கவில்லை. கொம்பில் பொரித்த கோழிக்குஞ்சு ஒன்றை மட்டும் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

பங்காரு மலையை முடித்துக்கொண்டு கடைப்பக்கம் திரும்பினாள். சுவர் முழுக்க அவள் எழுதிய படங்கள். இதுவரை மூக்கு தொடுகிற தூரத்தில் ஒரு கண், ஒரு காது, ஒரு தோடு என்று பார்த்தவள், முதல் தடவையாகப் பத்தடி தள்ளி நின்று முழு முருகனைப் பார்த்தாள். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. வாங்கிப் போனவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. நானும் அதைக் கருணைப் பார்வை என்றே சொல்லி விற்றுவந்தேன். அவள் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து முந்தானையை நீட்டினேன்.

"இத்தினி நாளா இந்த மூஞ்சியவாம்மா வித்துகினு இருந்தீங்க?" என்றாள்.

நான் கட்டிய வரியெல்லாம் எங்கே போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் கட்டாத அந்த ஒரு வரி மட்டும் நூல் சுற்றிய கம்பியோடு பங்காருவின் மூக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது.